மாப்பிள்ளை நகம், மருமக நகம்

பொண்ணு பாக்க வர்றாங்கன்னா மூஞ்சிக்குப் பவுடர் போடுவாங்க. எங்கூட்டுல என்ற காலைச் சுத்தி உக்காந்து ரோசனை பண்ணுனாங்க. வலது கட்டைவிரல் நகம் கன்னங்கரேல்னு செத்துக் கெடந்துச்சு. தெனமும் விடியறதுக்குள்ள எங்கூரு எலப்புள்ளி வாய்க்கா மேட்டுல ஓடறவ நான். ஷூ முன்னால முட்டி முட்டி நகத்துக்கடியில ரத்தம் கட்டிப்போச்சு. ஓடறவங்களுக்கு இது சளி புடிக்கற மாதிரி. எங்க அத்தை சரஸ்வதியம்மாளுக்கு மட்டும் அது குடும்ப மானம்.

"பிச்சு எறிஞ்சிரலாம் கண்ணு, புதுசு வந்துரும்"னு நகவெட்டியோட வந்தாங்க.

"அது என்ன முருங்கைக் கொப்புங்களா, ஒடிச்சா உடனே துளிர்க்கறதுக்கு? பிச்சா சீழ் புடிக்கும். அடியில புது நகம் வந்து இதைத் தள்ளோணும். அது வரைக்கும் சுத்தமா வெச்சு டேப்பு சுத்துனாப் போதும்."

"அப்பச் செவப்பாப் பாலிஷாவது போடு."

"பொணத்துக்கு எதுக்குங்க பொட்டு?"

நல்ல நாளும் அதுவுமாப் பேசற பேச்சைப் பாருன்னு அத்தை காதைப் பொத்திக்கிட்டாங்க.

இந்தப் பொண்ணு பாக்கறதுக்கு நான் ஒத்துக்கிட்டதே ஒரு காரணத்துக்குத்தான். மாப்பிள்ளை கோபிநாத்தும் ஓடறவராம். "ஓடறவன் உன்னைய ஓட வேண்டாம்பானா, யோகு?"ன்னு எங்கப்பா கேட்டாரு. அடுத்த மாசம் ஸ்டேட் மீட். அதுல செயிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீசு வேலைக்கு ஒரு வழி பொறக்கும். அதை விட்டுட்டு எவனையும் கட்டறதில்லைன்னு நான் தீர்மானமாத்தான் இருந்தேன்.

கோயமுத்தூர்ல இருந்து ஒரம்பரை வந்து உக்காந்தாங்க, கோபிநாத்தும் அவரோட அம்மாவும். உக்காந்ததும் அந்தம்மா ஆரம்பிச்சாங்க. "எம் பையன் மாரத்தான் ஓடறானுங்க, இருபத்தோரு கிலோமீட்டரு!" அது அரை மாரத்தான். பெத்தவ வாயில முழுசாயிருச்சு, போகட்டும். போனை எங்கப்பா மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க. ரெண்டு கறுத்த நகம், பக்கத்துல மெடலு. "நகம் ரெண்டும் போச்சுங்க, அப்பவும் நிக்கலை! எத்தனை பேரு லைக் போட்டாங்கன்னு நெனைக்கறீங்க?" எங்கப்பா கடிச்ச முறுக்கைக் கீழ வெச்சுட்டாரு.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். நம்மாளுகதான், தப்பிச்சேன்னு நெனச்சேன். நெனப்புத்தான் பொழப்பைக் கெடுக்கும்.

காப்பி குடுக்கக் குனிஞ்சப்ப அந்தம்மா என்ற காலைப் பாத்துட்டாங்க. "காலுல என்ன கட்டு அம்முணி?"

"அம்மிக்கல்லு உழுந்துருச்சுங்க"ன்னு அத்தை முந்திக்கிட்டாங்க. எங்கூட்டு அம்மிக்கல்லு மாட்டுக்கொட்டாயில கவுந்து கெடக்குது. மிக்ஸி வந்த பொறகு அதை ஆரும் தொடலை.

"இல்லீங்க, ஓடுனதுல கறுத்துப்போச்சு"ன்னு டேப்பைப் பிரிச்சுக் காட்டுனேன்.

அந்தம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு. "அய்யய்யோ, இதென்ன சீக்கு? மெட்டி போடறப்ப நாலு சனம் பாக்குமே! கறுத்த நகத்தோட மருமக படியேறுனா ஊட்டுக்கு ஆகுமா?"

அட கெரகமே! மாமியா ஒடைச்சா மண்கொடம், மருமக ஒடைச்சாப் பொன்கொடம்னு சும்மாவா சொன்னாங்க? மகன் நகம் போனா மெடலு, மருமக நகம் போனாச் சீக்கு.

நான் கோபிநாத்தைப் பாத்தேன். இது என்னன்னு அவருக்கு நல்லாவே தெரியும். 'எனக்கும் இதேதாம்மா'ன்னு ஒத்த வார்த்தை சொன்னாப் போதும். மனுசன் மிச்சர்ல கடலை பொறுக்கிட்டிருந்தாரு. இருபத்தோரு கிலோமீட்டரு ஓடுன காலு, அம்மாவுக்கு முன்னால ஒரு எட்டு எடுத்து வெக்கலை.

அப்பறம் அந்தம்மாவே பெரிய மனசு பண்ணுனாங்க. "சரி, பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. கல்யாணத்துக்கப்பறம் இந்த ஓட்டமெல்லாம் வேண்டாம். நகம் தன்னால மொளைச்சுக்கும். ஏன் கோபி?"

கோபி பூம்பூம் மாடாட்டம் தலையாட்டுனாரு. வாயில கடலை.

சரின்னு சொல்லுன்னு அத்தை என்ற கையைக் கிள்ளுனாங்க. எங்கப்பா தரையைப் பாத்துட்டிருந்தாரு. நான் காப்பித் தம்ளரையெல்லாம் எடுத்துத் தட்டுல அடுக்குனேன், கோபிநாத்து பாதி குடிச்சதையுஞ் சேத்து.

"ஆமாங்க, நகம் தன்னால மொளைச்சுக்கும்"னேன். "உங்க பையனுக்கு மொதல்ல நாக்கு மொளைக்கட்டும். அப்பறம் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போங்க."