கப்பலணிக்குப் போன நாற்காலி

சிவசண்முகத்துக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசைகள் மிச்சமிருந்தன. ஒன்று, தலையில் மறுபடியும் முடி. அது நடக்காது என்று டாக்டரே கையை விரித்துவிட்டார். இன்னொன்று, பொங்கலன்று டிவி பட்டிமன்றத்தில் தன் முகம். அது மட்டும் இன்று மாலை கைக்கெட்டும் தூரத்தில், முதல் வரிசையில், கறுப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த டிவிக்காரர் அவர். பொங்கலுக்கு ஒரு பட்டிமன்றக் குழுவைத் தேர்ந்தெடுக்கத்தான் விக்கிரமசிங்கபுரம் வரை வந்திருந்தார். செந்தில்முருகன் அண்ணாச்சியின் புது பெட்ரோல் பங்க் திறப்பு விழா. பங்க்குக்குப் பக்கத்துக் காலிமனையில் பந்தல். பின்னால் ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. தலைப்பு: ‘நம் வண்டி ஓடுவது சொந்தக் கிணற்றாலா, வந்த கப்பலாலா?’

சிவசண்முகம் அசாமில் எண்ணெய்க் கிணறுகளுக்கு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவர். நடுவர் தில்லைநாயகத்தின் குழுவில் மூன்றாவது பேச்சாளர். மூன்றாவது ஆள் ஏறுவதற்குள் கூட்டம் பாதி தூங்கிவிடும். எழுப்பிவிடுவது அவர் வேலை. தன் வழுக்கையை, தொந்தியை, மனைவி சொர்ணாம்பாளின் சாம்பாரைக் கேலி பண்ணி எழுப்பிவிடுவார். “என்னைய என்னமும் சொல்லிக்கிடுங்க, எங்க அம்மைய மட்டும் இழுக்காதீய” என்று அவள் எல்லை வகுத்திருந்தாள்.

வரும்போதே வேனில் நடுவர் அணி பிரித்துவிட்டார்.

“வே, நீரு எண்ணெய்க் கம்பெனில இருந்த ஆளு. உமக்குக் கிணற்றணிதான்.”

“சார், கிணறு வத்திக்கிட்டுல்லா வருது? நூத்துக்கு எண்பத்தஞ்சுக்கு மேல வெளிநாட்டுல இருந்துதான வாங்குதோம்?”

“பட்டிமன்றத்துல எந்தப் பக்கம் உக்காருதீரோ அதான் உண்மை. நல்ல நாளும் அதுவுமா அண்ணாச்சிக்கு மங்கலமா முடியணும். நம்ம நாட்டு உற்பத்தி ஏறுமுகம்னு சொல்லி இறங்கும். தீர்ப்பும் கிணத்துக்குத்தான். எழுதியே வச்சிட்டேன்.” சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

சிவசண்முகம் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு நல்ல பயிற்சி. கல்யாணமாகி நெடுநாள் ஆகிறது.

கப்பலணியில் முதலில் பேசிய கரோலின் டீச்சர், பள்ளியில் இயற்பியல் எடுப்பவர். எவ்வளவு வாங்குகிறோம், எங்கிருந்து வாங்குகிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. முறுக்குக் கடிக்கிற சத்தம் மேடைவரை கேட்டது.

சிவசண்முகம் மைக்கைப் பிடித்தார்.

“நம்ம நாட்டுல எண்ணெய் எங்கன இருக்குன்னு தேடித் தேடிப் பாத்தாங்க. கடைசில,” தொந்தியைத் தடவினார், “இங்கனதான் இருக்குன்னு எங்க வீட்டுக்காரி கண்டுபிடிச்சா.”

பந்தல் விழித்துக்கொண்டது. அடுத்தடுத்து நாலு சிரிப்பு வெடி. டிவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார். சிவசண்முகத்துக்கு உச்சந்தலையில் முடியே முளைத்தது போலிருந்தது. அந்த வேகத்தில் கையை உயர்த்திச் சொல்லியும்விட்டார்: “எங்க அசாம் கிணறெல்லாம் பொங்குது! நம்ம உற்பத்தி ஏறுமுகம்!”

கைதட்டலில் பந்தல் ஆடியது. அண்ணாச்சி விசிலே அடித்தார்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அவருக்குத் தன் கிணறு ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது தானாகவே பீறிட்டது. அப்புறம் பம்பு வைத்து இழுக்க வேண்டியிருந்தது. அதற்கும் அப்புறம், தினமும் காலையில் மாதிரி பிடிக்கிற பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் மேலே ஒரு விரற்கடை எண்ணெய், கீழே முழுக்கத் தண்ணீர். மருந்து விட்டு, கழுவி, அடைப்பெடுத்து, எண்ணெய் நூற்றுக்குப் பத்து குறைய வேண்டிய வருஷத்தில் ஏழு மட்டும் குறையும்படி பார்த்துக்கொள்வார்கள். அதற்காக யாரும் மாலை போட்டதில்லை. விழுவதைத் தாங்கிப் பிடிப்பவனுக்கு எந்த ஊரிலும் விழா கிடையாது. இப்போதும் அங்கே யாராவது பாட்டிலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பதைத்தான் அவர் ஒரு விசிலுக்காகத் தட்டிவிட்டார். ஐ.சி.யு.வில் கிடக்கிறவரைப் பார்த்துவிட்டு வந்து, ‘ஆள் ஓட்டப்பந்தயத்துக்குப் போயிருக்கார்’ என்று சொன்ன மாதிரி இருந்தது.

“ஒரு நிமிசம்,” என்றார் மைக்கில். “இப்பச் சொன்னது பொய்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்லுதேன்.”

இன்னும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் ஆளைச் சிரிக்க வைத்ததற்கு இப்படி ஒரு தண்டனை உண்டென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள் போலிருந்தது. மைக்கை விட்டார். திரும்பிப் போய்த் தன் நாற்காலியைத் தூக்கினார். இரும்பு நாற்காலி, கனம். இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நடுவரின் மேஜைக்கு முன்னாலேயே குறுக்கே நடந்தார்.

டிங்! நடுவர் மணியடித்தார். “வே, எங்க போறீரு?”

“கப்பலுக்கு.”

“நடுவுல அணி மாற விதி இல்ல!”

“விதி இல்லாட்டா என்ன, கால் இருக்குல்லா?”

டிங், டிங், டிங்! கரோலின் டீச்சர் தன் நாற்காலியை இழுத்து இடம் விட்டார். சிவசண்முகம் அங்கே நாற்காலியைப் போட்டுவிட்டு, கப்பலணியின் மைக்கைப் பிடித்தார்.

“கிணத்துக்கு வயசாயிட்டுய்யா. அதுக்குச் சாயம் பூசி மாப்பிள்ளைக் கோலத்துல உக்கார வைக்காதீங்க. பாட்டில்ல பிடிச்சுப் பாத்தா பத்துல ஒரு பங்குதான் எண்ணெய். மிச்சம் தண்ணி. தண்ணி எடுக்கதுக்குன்னா நான் நம்ம பாபநாசம் அருவியிலயே நின்னிருப்பேன்லா? அசாமுக்கு எதுக்குப் போகணும்?”

சிரிப்பு வந்தது. ஆனால் இந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

“நம்ம கிணத்து எண்ணெய்தானன்னு நினைச்சா, நாளைக்கு எங்கயோ ஒரு கடல்ல சண்டை வந்து இங்க விலை ஏறும்போது உங்களுக்கு ஏன்னே வெளங்காது. அந்த வயசான கிணத்தைக் கீழ விழாமத் தாங்கிக்கிட்டிருக்கவன் ஒருத்தன் இருக்கான்னும் தெரியாது. கை தட்டணும்னா அவனுக்குத் தட்டுங்க. எனக்கு வேண்டாம்.”

உட்கார்ந்தார். வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார்.

யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் மில் வேலை முடிந்து சைக்கிளோடு நின்ற ஒருவர் மட்டும் நிதானமாகத் தட்டினார். கொசுவுக்காகவும் இருக்கலாம். நடுவர் பையிலிருந்து தாளை எடுத்து, கிணற்றணியே வென்றது என்று வாசித்தார்.

விழா முடிந்து பேச்சாளர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது தில்லைநாயகம் ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

“வே, தப்பிச்சீரு! டிவிக்காரருக்கு அந்த நாற்காலி ஐட்டம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உம்மோட சேத்துத்தான் நம்ம குழுவையே எடுத்திருக்காரு. பொங்கலுக்கு அப்படியே பண்ணணுமாம். கடைசில மட்டும் நாற்காலியத் தூக்கிட்டுத் திரும்பி வந்து, ‘சும்மா வெளாட்டு’ன்னு சொல்லி உக்காந்துரணும்.”

சிவசண்முகம் வேன் படியில் ஒரு காலை வைத்திருந்தார். கறுப்புச் சட்டைக்காரர் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தார். பாளையங்கோட்டையில் தெரு முழுக்கச் சொல்லி வைத்தாகிவிட்டது. சொர்ணாம்பாள் பட்டு ஜிப்பா வாங்கி, அதை இரண்டு தடவை இஸ்திரியும் போட்டுவிட்டாள்.

“அது வெளாட்டு இல்ல சார்.”

“எல்லாமே வெளாட்டுத்தான வே உமக்கு?”

“மத்ததெல்லாம் வெளாட்டுதான். இது இல்ல.”

“யோசிச்சுச் சொல்லும். இந்த வாய்ப்பு இனி வராது. திரும்பி உக்காருதீரா, இல்லையா?”

“உக்கார மாட்டேன்.”

படியில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார். வேன் போனது. ஜன்னல் வழியாகக் கரோலின் டீச்சர் கையசைத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி வீட்டுக்குப் போன் போட்டார்.

“டிவில வர மாட்டேன் ளா.”

“ஏன்? நல்லாப் பேசலியா?”

“நல்லாத்தான் பேசினேன். அதான் வம்பு.” நடந்ததைச் சொன்னார்.

சொர்ணாம்பாள் சொன்னாள்: “பொங்கலுக்குச் சொந்தக்காரங்க வாரது வரட்டும். டிவிய அணைச்சுப் போடுதேன். நீங்க அதுக்கு முன்னால நின்னு பேசுங்க. வழுக்கை வெளிச்சம் போதும், லைட்டு வேண்டாம்.”

“உங்க அம்மையும் வருவாவளா?”

“வருவா. இழுத்தீய, சோறு கெடையாது.”

திருநெல்வேலி பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. கப்பலில் வந்த டீசல். சிவசண்முகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். உட்கார இடமில்லை. இன்றைக்கு நாற்காலியைத் தூக்கிச் சுமந்த மனுஷனுக்கு நிற்பது பெரிதா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.