அம்மாவைப் பார்க்க ஒரு டிக்கெட்

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவைப் பார்க்கப் போகவேண்டும் என்று என் மனைவி எலீதா மழைக்காலத்திலேயே முடிவு செய்துவிட்டாள். அவள் அம்மா தெயோதோராவைப் புதைத்திருப்பது சதுப்புக்கு நடுவே ஒரு தீவில். எலீதா பிறந்ததும் அங்கேதான். பிற்பாடு அந்த நீர்ப்பரப்பு முழுவதும் தேசியப் பூங்கா ஆனது. தீவுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறி, கொர்ரியென்டஸ் மாகாணத்தின் இந்த மண்ரோட்டு ஊருக்கு வந்து சேர்ந்தன. மான்களும் முதலைகளும் உள்ளேயே இருந்துகொண்டன. அற்றுப்போன ஜாகுவாரைக்கூட, எங்கள் பேச்சில் புலியை, எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டார்கள். “புலிக்கு இடம் இருக்கு, தெயோதோரா மகளுக்கு இல்ல” என்பாள் எலீதா.

அந்தப் பக்கம் இப்போது உரிமம் உள்ள படகு மட்டும்தான் போகலாம். எங்கள் ஊரில் அது இருப்பது ஒருவனிடம். எலீதாவின் சொந்த அண்ணன் கசிமீரோ. வெளியூர்க்காரர்களை ஏற்றிப்போய் மானும் கொக்கும் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. அதனால் எங்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது என்று நினைத்தோம். எலீதா சிலுவைக்கு அடிக்க வானநீலப் பெயிண்ட் வாங்கி வைத்தாள். எங்கள் பக்கம் செத்தவரின் கட்சி நிறத்தைத்தான் சிலுவைக்கு அடிப்பார்கள். அவள் அம்மா நீலக் கட்சி. அப்பா சிவப்பு. சிலுவைக்கு என்ன நிறம் என்று அந்த வீட்டில் அடக்கத்தன்றே சண்டை நடந்திருக்கிறது.

கசிமீரோவிடம் கேட்டபோது தலையாட்டினான். அடுத்த முறை கேட்டபோது தண்ணீர் வற்றிவிட்டது, படகு தட்டும் என்றான். அதற்கப்புறம் மோட்டார் கெட்டுவிட்டது. பிறகு மான் குட்டி போடும் பருவம், அங்கே யாரும் போகக்கூடாது என்றான். ஆனால் அவன் படகு தினமும் ஆட்களோடு போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கே சந்தேகம் வந்தது. எலீதா மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் தலையில் ஆயிரம் வேலை, நீ சும்மா இரு என்று என்னை அடக்கினாள்.

அவள் சமைப்பது ஊர் முனையில் உள்ள விடுதியில். அக்டோபரில் ஒரு நாள், தலைநகரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் சாப்பிட்டு முடித்து, சமையலறை வாசலில் நின்று போனில் படம் காட்டியிருக்கிறாள். மான், நாரை, முதலை. அதற்கடுத்து ஒரு சிலுவை. பக்கத்தில் புதுப் பலகை. அதில் ‘புலி தின்ற பெண்’ என்று எழுதியிருந்தது.

அந்தப் பெண் கதையையும் சொன்னாளாம். துணி துவைக்கப் போனவளைப் புலி இழுத்துக்கொண்டு போனது, கிடைத்ததை மட்டும் அள்ளிப் புதைத்தார்கள். படகுக்காரர் சொல்லும்போது எனக்கு மயிர் கூச்செறிந்தது என்றாளாம்.

எலீதா அன்று வீட்டுக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. உட்காரவும் இல்லை.

“எங்கம்மாவைக் காட்சிப்பொருளாக்கிட்டான்” என்றாள். “காய்ச்சல்ல செத்தவளைப் புலி வாயில போட்டுட்டான். அதான் என்னைக் கூட்டிட்டுப் போகல.”

நான் இப்போதே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன் என்று கிளம்பினேன். வேண்டாம் என்றாள். நீ போய்க் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லி மழுப்புவான், அங்கே வைத்துத்தான் கேட்கவேண்டும் என்றாள். மறுநாள் விடுதி மேசையிலேயே, வெளியூர்க்காரி மாதிரி, என் குடும்பப் பெயரில் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு இடம் பதிவு செய்தாள். தன் அம்மாவைப் பார்க்க அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் தாடை இறுகியதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

அன்று காலை துறையில் எங்களைப் பார்த்ததும் கசிமீரோவுக்கு முகம் செத்துப்போனது. ஆனால் படகில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். விடுதிக்காரரும் நின்றார். அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எலீதா தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவன் மானைக் காட்டினான், கொக்கைக் காட்டினான். குரல் கம்மியிருந்தது. தீவு வந்ததும் மோட்டாரைக் குறைத்தான், ஆனால் நிறுத்தவில்லை. அப்படியே தாண்டிவிடப் பார்த்தான்.

“நிறுத்து” என்றாள் எலீதா. “இவங்க கதை கேக்கத்தான் வந்திருக்காங்க. சொல்லு.”

பின்னாலிருந்த ஒருவர், ஆமாம், புலிக்கதை உண்டு என்று சொன்னார்களே என்றார்.

கசிமீரோ மோட்டார்ப் பக்கம் குனிந்தான். எலீதா எழுந்தாள். படகு ஆடியது. எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“இங்க படுத்திருக்கிறது எங்கம்மா. பேரு தெயோதோரா. இந்தத் தண்ணில மாடு மேய்ச்சவ. எந்தப் புலியும் அவளைத் தொடல. இவன் அவ பெத்த மகன்.”

போனைத் தூக்கிப் பிடித்திருந்த ஒரு பையன் மெதுவாக அதை மடியில் வைத்தான். எலீதா படகு நிற்கும்முன்பே தண்ணீரில் இறங்கி, முழங்கால் நனைய நடந்து கரையேறினாள். போனவேகத்தில் பலகையைப் பிடுங்கி இரண்டாக உடைத்தாள். பெயிண்ட் டப்பாவோடு நான் பின்னால் ஓடினேன். படகைக் கட்டிவிட்டுக் கசிமீரோவும் வந்தான்.

“யாரைக் கேட்டு எழுதின?” என்றாள். “சொல்லுடா. யாரைக் கேட்டு?”

‘டா’ என்று அவள் அவனைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவன் கல்லறைமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது அப்பா மாடு ஓட்டிப் போயிருந்தார். எலீதா கைக்குழந்தை. கரையிலிருந்த மருத்துவரிடம் கொண்டுபோக இவன்தான் அம்மாவைப் படகில் படுக்கவைத்துக் கழி ஊன்றிக் கிளம்பினான். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில், அம்மா பெரிய வாய்க்காலில் போகச் சொன்னாள். இவன் குறுக்குவழி தெரியும் என்று மற்றதில் விட்டான். தண்ணீரில் மிதக்கும் புல்திட்டு ஒன்று காற்றில் நகர்ந்து வந்து பின்வழியை அடைத்துவிட்டது. முன்னாலும் வழியில்லை.

“வெட்டிப் பார்த்தேன், எலீதா. கையெல்லாம் கிழிஞ்சுது. தண்ணி தண்ணின்னு கேட்டா. அந்தப் படகுலயேதான் போனா. வீட்டுல கட்டில்ல போனதா அப்பாதான் சொல்லச் சொன்னாரு.”

“புலி எங்கேருந்து வந்துது?”

“வர்றவங்க எல்லாரும் எப்படிச் செத்தாங்கன்னு கேக்கறாங்க. தினமும் கேக்கறாங்க. ஒரு நாள் வாயில புலின்னு வந்துருச்சு. அதுக்கப்புறம் யாரும் மேல கேக்கல.”

எலீதா அவனை நேராகப் பார்த்தாள்.

“நீ வழி தப்பினது சின்னப் பையனா இருந்தப்போ. அதுக்கு உன்மேல எனக்குக் கோபமில்ல” என்றாள். “பலகை எழுதினப்போ நீ சின்னப் பையனில்ல. எனக்குத் தெரியவேண்டிய சாவை என்கிட்ட மறைச்சுட்டு, ஊருக்கெல்லாம் வேற சாவு வித்திருக்க.”

அவள் மண்டியிட்டுச் சிலுவைக்கு நீலம் அடித்தாள். உதவ அவன் கை நீட்டியபோது பிரஷைத் தரவில்லை. படகில் காத்திருந்தவர்களில் ஒரு வயதான அம்மாள் இறங்கி வந்து, எலீதா ஏற்றிவைத்த மெழுகுவர்த்திச் சுடர் அணையாமல் தன் தொப்பியால் காற்றை மறைத்து நின்றாள்.

கசிமீரோ இப்போதும் படகு ஓட்டுகிறான். அந்தத் தீவுப் பக்கம் ஆட்களை விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறான். வாய்க்கால் எங்கே பிரிந்தது, அம்மா என்ன சொன்னாள், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று எலீதா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சொன்னதையே திரும்பச் சொல்லவைக்கிறாள். அவன் தலைகுனிந்து சொல்கிறான். சில நாள் நடுவில் எழுந்து போய்விடுகிறான். அடுத்த வாரம் மறுபடி வருகிறான். அவளுக்குக் கோபம் தணிந்ததா என்று ஊரில் கேட்கிறார்கள். தணியவில்லை. ஆனால் அவன் வருகிற நாளில் கூட ஒருவருக்கு மாவு பிசைகிறாள்.