சாகாத செல்கள்

பெராக்சைடு ஊற்றியும் செல்கள் சாகவில்லை. அவன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மனிதக் கண்வில்லையின் செல்கள். பெராக்சைடு அவற்றைத் துருப்பிடித்த மாதிரி அரிக்கும். வயதான கண்ணில் புரை விழுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். புரையைத் தடுக்க அவன் சோதித்துவந்த மருந்தைப் போடாத தட்டுக் குழிகளில் செல்கள் செத்துச் சுருண்டு மிதந்தன. மருந்து போட்டவற்றில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்ன சித்தரே, பேச்சுமூச்சைக் காணோம்?" பக்கத்து மேசை அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். மனைவி போனதிலிருந்து ஆய்வகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். "அட! கண் டாக்டருங்க எல்லாம் இனி கடைய மூட வேண்டியதுதான்."

"இன்னொரு தடவ பாத்துடறேன்க்கா."

வீட்டில் மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் பேச்சை அவர் எடுக்கும்போதெல்லாம், மருந்து வரட்டும் அத்தை என்று தள்ளிப்போட்டு வந்தான். அவர் மகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவள்தான், திரும்பவில்லை. அப்படி ஒரு கதவுக்கு வெளியே மறுபடி உட்கார அவனுக்குத் தெம்பில்லை.

குளிர்பெட்டியைத் திறந்தான். செல்களை வளர்க்கும் திரவம் இரண்டு பாட்டிலில் இருந்தது. பழையது அடிமட்டத்துக்கு வந்திருந்ததால் மருந்தைப் புதியதில் கலந்திருந்தான். மருந்தில்லாத குழிகளுக்குப் பழையதே போயிருந்தது. புதிய பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பார்த்தான். பைருவேட் என்ற சத்துப்பொருள் சேர்த்தது.

அக்கா வாங்கிப் படித்தாள். "போச்சுடா! பெராக்சைடை இதுவே முழுங்கி ஏப்பம் விட்டிருக்கும். உன் மருந்து சும்மா வேடிக்கை பாத்திருக்கு."

மிச்சமிருந்த பழைய திரவம் போதுமளவுக்குக் குழிகளைக் குறைத்து, எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றி மறுபடி செய்தான். மறுநாள் தட்டை எடுத்தபோது எல்லாமே மிதந்தன.

"விடு. அளவை மாத்திப் பாப்போம்," என்றாள் அக்கா.

"ம்."

பார்க்கத்தான் போகிறான். அதற்கு எத்தனை வருஷமோ.

வீட்டில் மாமியார் அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உள்பக்கம் வெளியே இருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"மருந்து என்னாச்சு மாப்பிள்ளை?"

"ஊத்திக்கிச்சு அத்தை."

"அது வர்றதுக்குள்ள நானே போய்ச் சேந்துடுவேன்னு நெனச்சேன்."

"ஆபரேஷனுக்குச் சொல்லிடலாம்."

மாமியார் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்க பயம் எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போயிக்கறேன். நீங்க வேலைக்குப் போங்க."

அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். பெயர், வயது எல்லாம் கேட்டார்கள்.

"கூட யாரு வருவாங்க?"

மாமியார் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"நான்தான். மருமகன்," என்றான்.