பத்துமலையின் ரோஸ் கன்னம்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இருந்த விமலாவின் போட்டோ ஸ்டூடியோவுக்குள் இரண்டு கட்சிகள் இயங்கிவந்தன. பிரிண்டர் கம்பெனி விற்கும் ஒரிஜினல் மையைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது என்பது விமலா கட்சி. மை என்றால் மைதான், எல்லாமே கலர் தண்ணீர்தான் என்பது அவள் கணவன் ரூபன் கட்சி. ரூபன் வாடகைக் காடி, அதாவது டாக்சி, ஓட்டுகிறவன். சவாரி கிடைக்காத நேரமெல்லாம் கைப்பேசியில் மலிவுச் சாமான் தேடுவது அவனுக்குத் தவம் மாதிரி. அப்படித்தான் ஒருநாள், யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் மை பாட்டில்களை வரவழைத்து, வெற்றிக்கோப்பைகளைப் போல மேசைமேல் அடுக்கினான்.

"நீ வாங்குற ஒரு பாட்டில் காசுல மொத்த செட்டும் வந்துருச்சு, பாத்தியா?"

"சாப் ஆயாம் சாமான்," என்றாள் விமலா. கோழி மார்க் என்று அர்த்தம். ஊர்பேர் தெரியாத சரக்குக்கு மலாயில் அதுதான் பெயர். "இத என் பிரிண்டர் வாயில ஊத்துனீங்க, மிச்சத்த ஒங்க வாயில ஊத்துவேன்."

பாட்டில்கள் கழிவறைத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன.

சீனப் புத்தாண்டுப் பெருநாள் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பட்டாசு கொளுத்தியது. விமலாவுக்கு மை விற்கும் சீனக் கடை முதலாளி, தவுக்கே, குடும்பத்தோடு பினாங்குக்குக் கிளம்பிவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து, கோப்பெங் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் பத்துமலை செத்துப்போனார். டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். அவருடைய மகள் சாந்தினி அழுதுகொண்டே போன் செய்தாள்.

"அக்கா, நாளைக்கு எடுக்கிறோம். பெட்டிக்கு முன்னால வைக்கப் பெரிய படம் வேணும். அப்பாவோட ஒரு நல்ல படம்கூட இல்லக்கா. ஐசி அடையாளக் கார்டுப் படத்துல போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்காரு."

அவள் அனுப்பிவைத்தது ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்த படம். கையில் கோழிக்கால், வாய் பாதி திறந்திருந்தது. விமலா கோழிக்காலை அழித்தாள், வாயை மூடினாள், பூப்போட்ட சட்டைக்குமேல் ஒரு கோட்டும் மாட்டிவிட்டாள். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அச்சடிக்கப் போனபோதுதான் பிரிண்டர் விளக்கு கண்சிமிட்டியது. ரோஸ் மை காலி.

மற்ற நிறமெல்லாம் கழுத்துவரை இருந்தது. ரோஸ் மட்டும் சொட்டுக்கூட இல்லை. தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. ரூபன் கழிவறைப் பக்கம் போய், ரோஸ் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். அவ்வளவு பணிவை அவனிடம் அவள் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

"ஊத்துங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

படம் வெளியே வந்தது. கோட்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பத்துமலையின் கன்னம் இரண்டும் ரோஜாப்பூவாகச் சிவந்து, உதட்டில் யாரோ லிப்ஸ்டிக் தீட்டிவிட்டது போல இருந்தது. கணினியில் ரோஸைக் குறைத்துப் பார்த்தாள். விஷம் குடித்தவர் மாதிரி பச்சையாக வந்தார். கூட்டினால் மறுபடியும் கன்னம் சிவந்த கல்யாண மாப்பிள்ளை. பச்சைக்கு மாப்பிள்ளையே மேல் என்று படத்துக்குச் சட்டம் மாட்டி எடுத்துக்கொண்டாள்.

தோட்டத்தில் கூடாரத்துக்குள் நல்ல கூட்டம். பத்துமலையின் மனைவி இருளாயி பெட்டிக்குப் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். செய்தி கேட்டதிலிருந்து அம்மா அழவும் இல்லை, பேசவும் இல்லை என்று சாந்தினி காதோடு சொன்னாள். விமலா படத்தை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தால், பத்துமலையின் கூட்டாளி ஆம்புரோஸ் உரக்கச் சொல்லிவிட்டார்:

"அடேய் மாப்ள, கன்னத்துல என்னடா பூசுனாங்க!"

எல்லாத் தலைகளும் திரும்பின. இருளாயியும் திரும்பினாள்.

"மன்னிச்சிருங்கம்மா," என்று விமலா குனிந்தாள். "மை சரியில்ல. பதினாறாம் நாளுக்குள்ள நல்ல மையில வேற போட்டுத் தாரேன்."

இருளாயி படத்தையே பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தாலி கட்ட வந்தப்ப இப்படித்தான் இருந்தாரு. யாரோட பவுடரையோ அப்பிக்கிட்டு வந்து ஒக்காந்தாரு. அன்னைக்குத்தான் அழகா இருந்தாரு. மறுநாள் கழுவிட்டாரு, அதோட போச்சு."

சொல்லி முடிக்கும்போதே சிரிப்பு உடைந்து அழுகையானது. சாந்தினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஆம்புரோஸ் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பெருநாள் முடிந்தது. மறுபடி பிரிண்டரைப் போட்டபோது படமெல்லாம் வரி வரியாக வந்தது. மலிவு மை உறைந்து ஊசித்துளையை அடைத்துவிட்டிருந்தது. ஒரு முழுநாள் ஊசிக்குழாயில் வெந்நீர் ஏற்றிச் சுத்தம் செய்தவன் ரூபன்தான். விரலெல்லாம் ரோஸாகி, அந்த வாரம் சவாரி ஏறியவர்கள் அவன் மருதாணி வைத்திருப்பதாக நினைத்தார்கள். விமலா தவுக்கேயிடம் ஒரிஜினல் மை வாங்கிவந்து, பத்துமலையை உள்ளது உள்ளபடி அச்சடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

இருளாயி புதுப்படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அச்சு அசலா அவரேதான்."

"ஒரிஜினல் மைம்மா."

"அதான் வேணாங்கிறேன். கொழம்புல உப்பு இல்லன்னு கத்துற மூஞ்சி இது. இத்தன வருசம் பாத்தாச்சு. செவுத்துலயும் பாக்கணுமா?"

"அந்த ரோஸ் படத்து மை நிக்காதும்மா. வெயில் பட்டா வெளுத்துரும்."

"வெளுத்தா இன்னொன்னு போட்டுக் குடு தாயி. நீ எங்க போயிரப் போற?"

விமலா தன் நல்ல மையின் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிவந்தாள்.

சில நாள் கழித்து ஆம்புரோஸ் கோப்பெங்கிலிருந்து பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை, முடியில் எண்ணெய்.

"எனக்கும் ஒன்னு போட்டு வையிம்மா. பத்துமலைக்குப் போட்ட மாதிரியே. நான் போற நேரம் நீ லீவுல இருந்தா என்ன செய்றது?"

உள்ளேயிருந்து ரூபன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான். "பாத்தியா? சாப் ஆயாம் ஜெயிச்சிருச்சு."

"அப்ப அந்த ரோஸ் பாட்டில எடுத்துட்டு வாங்க."

ரூபன் தலையைச் சொறிந்தான். துளை அடைத்துக்கொண்ட அன்று பயத்தில் எல்லாப் பாட்டிலையும் கழிவறையில் கவிழ்த்துவிட்டிருந்தான். திரும்ப வாங்கலாம் என்று கைப்பேசியைத் தட்டினால், அந்தக் கடையே இணையத்தில் இல்லை.

விமலா ஆம்புரோஸைப் படமெடுத்தாள். பிறகு கணினி முன் உட்கார்ந்து, உலகத்திலேயே விலை உயர்ந்த மையைக் கொண்டு ஒரு படத்தை எப்படிக் கெடுப்பது என்று வேலை பார்த்தாள். அதற்கு அவ்வளவு திறமை வேண்டும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. முதல் படம் அழகாக வந்து தொலைத்தது. அடுத்தது காய்ச்சல்காரர் மாதிரி வந்தது. அதற்கடுத்ததில் கன்னம் மலர்ந்தது.

ஆம்புரோஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் தன்னையே ரசித்தார்.

"கன்னம் பாகுஸ்லா, ரொம்ப நல்லாருக்கு. ஒதடு மட்டும் பத்துமலையவிடக் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."

"எவ்வளவு தூக்கலா, அங்கிள்?"

"மேல போனதும் அவன் பாத்துப் பொறாமப்படணும்."

"ஒரிஜினல் மையா அது?" என்று ரூபன் பின்னாலிருந்து மெல்லக் கேட்டான்.

"வாய மூடிக்கிட்டுப் பேப்பர வைங்க," என்றாள் விமலா, ரோஸை இன்னும் கொஞ்சம் ஏற்றியபடி.