எதிர்த்துப் பேசாத வைத்தியம்

"அவர் ராத்திரியப் பகல்னு சொன்னாலும் ஆமான்னு சொல்லிடுங்கம்மா. எதிர்த்துப் பேசாதீங்க. இந்த மறதி நோய்க்கு இப்போதைக்கு அதுதான் வைத்தியம் லா" என்றாள் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், மிஸி சுரையா.

வாகீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. "பிள்ளை, இந்த வைத்தியத்தை நான் முப்பத்துநாலு வருஷமாச் செய்யிறன்."

அவள் புருஷன் கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர்; மலேசியத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். துரைக்கு முன்னால் குழைவார். வீட்டில் கறியில் உப்புக் குறைந்தால் கோப்பை சுவரில் மோதும். ஓய்வு பெற்றுக் கோல சிலாங்கூரில் வீடு வாங்கி ஐந்தாவது வருஷம், 1986இல், வீட்டுக்கு வரும் வழியே அவருக்கு மறந்துபோனது. குணப்படுத்த மருந்தில்லை, அமைதியாக வைத்திருங்கள் என்றார் கோலாலம்பூர் டாக்டர். பேங்க்கில் வேலை பார்க்கும் மகன் அம்பிகைபாகன், வாரம் ஒருமுறை சுரையா வந்து பார்க்க ஏற்பாடு செய்துவிட்டு, தன் கடமை முடிந்தது என்று இருந்தான்.

சுரையா பெரிய எழுத்தில் சமையலறைக் கதவில் 'குசினி', கழிவறைக் கதவில் 'கக்கூஸ்' என்று எழுதி ஒட்டினாள். காலையில் ஒரே நேரத்தில் நடை. பத்து மணிக்குத் துவைத்த துவாய்த் துண்டுகளை மடிக்கும் வேலை. முதல் நாளே கனகலிங்கம் தாள்களைக் கிழித்தெறிந்தார்.

"ஆரடி என்ர வீட்டிலை நோட்டீஸ் ஒட்டினது? என்ர கைமணிக்கூடு எங்கை? எடுத்து வித்துப்போட்டியோ, கள்ளி?"

கன்னத்தில் அறை விழுந்தது. வாகீஸ்வரி அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய் திறந்தாள். "இல்லை. நான் எடுக்கேல்லை. நீங்கள்தான் அரிசி டின்னுக்குள்ளை ஒளிச்சனீங்கள்."

பொழுது சாயும் வரை அவர் கத்தினார். பக்கத்து வீட்டார் வேலிக்கு வந்து பார்த்தார்கள். சேதி மகனுக்குப் போக, அவன் போனில் கூப்பிட்டான்.

"அப்பா வருத்தக்காரன், மறதி நோயாளி. கொஞ்சம் பொறுக்கேலாதோ அம்மா?"

"நான் பொறுத்ததிலைதான் நீ வளர்ந்தனி" என்று போனை வைத்தாள்.

அடுத்த மாதம் ஒருநாள் காலை, கனகலிங்கம் குசினி வாசலில் வந்து நின்று அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

"நீங்கள் ஆர் அம்மா? நிண்டுகொண்டே வேலை செய்யிறியளே, இருங்கோ."

அவள் கை கரண்டியோடு நின்றது. "மிஸி" என்றாள்.

தேநீர் கொடுத்தாள். "நல்லாயிருக்கு. பெரிய உபகாரம்" என்று குடித்தார். சண்டையில்லாமல் பதினொரு துவாய் மடித்தார். மடித்ததை அவள் எண்ணி அடுக்கினாள். இத்தனை மரியாதையும் இந்த மனுஷனிடம் எப்போதும் இருந்திருக்கிறது. அதில் ஒரு சொட்டுக்கூடத் தனக்குத் தராமல் வைத்திருந்திருக்கிறார்.

சனிக்கிழமை மகன் வந்தான். "அப்பா, இது மிஸி இல்லை, எங்கட..."

"வாயை மூடு!" என்றாள். "எதிர்த்துப் பேசக் கூடாதெண்டதுதானே வைத்தியம்? நான் மிஸி. மிஸிக்குச் சனி, ஞாயிறு லீவு. நீ பார்."

"எனக்கு நாளைக்கு ஒரு கலியாணம் இருக்கு அம்மா!"

அவள் பையைத் தூக்கினாள். வாசலில் கனகலிங்கம் மறித்தார்.

"மிஸி, என்ர மனுசி எங்கை?"

"போயிட்டா."

"அப்ப சோறு ஆர் சமைக்கிறது?"

"உங்கட மகன்" என்று சொல்லிவிட்டுத் தஞ்சோங் காராங்கில் இருக்கும் தங்கையின் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. ஐந்து நாள் அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், கைபிடித்து நடக்க வைத்தாள். அவர் உடம்பில் ஒரு புண் வரவில்லை என்று சுரையாவே மெச்சினாள். சனிக்கிழமை வந்தால் மகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு காரில் வந்து இறங்குவான், தாயும் மகனும் பேசிக்கொள்வதில்லை.

கனகலிங்கத்தின் செத்த வீட்டில் அவர் தம்பி தர்மலிங்கம் எல்லோருக்கும் கேட்க, "அண்ணி பொறுமையிலை ஒரு தெய்வம்" என்றார்.

"அந்தக் கதை இஞ்சை வேண்டாம்" என்றாள் வாகீஸ்வரி. "தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."