மங்கலாகத் தெரிந்த முகம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆண்டின் கடைசி வேலைநாள். கடை சாத்துவதற்கு முன் எல்லோரும் வட்டமாக நின்று, அந்த ஆண்டு தமக்குத் துணைநின்ற ஒருவருக்கு வாய்விட்டு நன்றி சொல்லவேண்டும் என்பது முதலாளி வைத்த வழக்கம். பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தேய்த்த விளிம்பையே மறுபடி தேய்த்தான். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தான்.

காரணம், முன்கவுண்டரில் நிற்கும் அவன் அண்ணி. அவன் மனைவி அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில், விடிவதற்குள் வந்து சமைத்து, அவளைக் குளிப்பாட்டி, குழந்தைக்குத் தலைவாரிவிட்டே அண்ணி கடைக்கு வருவாள். இப்போது அண்ணனுக்கு மாற்றல். நாளை ஊரைவிட்டே போகிறார்கள். இன்று சொல்லாவிட்டால் இனி எப்போது? ஆனால் அவர்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வது, அந்நியராக்கி வாசலில் நிறுத்துவதற்குச் சமம்.

அவன் முறை வந்தது. அண்ணி அவனையே பார்த்தாள். அவன் பார்வை பின்னறைப் பக்கம் நழுவியது.

"நம்ம... தேய்க்கிற மெஷினுக்கு நன்றி. வருஷம் பூரா மக்கர் பண்ணவே இல்ல."

கடையே சிரித்தது.

"அப்ப உன் சம்பளத்த அதுக்கே குடுத்துடறேன்" என்றார் முதலாளி.

அண்ணியும் சிரித்தாள், ஆனால் பையை வெடுக்கென்று எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வாசலில் ஓடிப்போய் மறித்தான்.

"அண்ணி, கண்ணாடியக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"ஆணி விழுந்த இடத்துல நூலச் சுத்தி வெச்சிருக்கீங்க. கண்ணாடிக் கடைக்காரங்க இப்படிப் போனா என் மானம் போயிடும்."

"இத்தனை நாள் போகாத மானம் இப்பத்தான் போகுதாக்கும்!" என்றபடி கழற்றிக் கொடுத்தாள்.

நூலை அறுத்துவிட்டு, சட்டைப்பையில் கிடந்த சிறு திருகாணியை முடுக்கினான். வேலை முடிந்தும் கண்ணாடி அவன் கையிலேயே இருந்தது.

"இப்ப என் மூஞ்சி தெரியுதா அண்ணி?"

"மங்கலாத்தான் தெரியுது. ஏன்?"

"அப்ப சொல்லிடறேன். நீங்க இல்லன்னா அவ எழுந்து நடமாடியிருக்க மாட்டா. நானும் நொறுங்கிப் போயிருப்பேன். ரொம்ப நன்றி அண்ணி."

அவள் கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கி, நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

"மெஷினுக்கு மட்டும் மூஞ்சியக் காட்டிச் சொன்னீங்க. எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி, பாக்கறேன்."

அவன் கண்கள் தெருவின் இரு கோடிக்கும் ஓடித் திரும்பின. தப்பிக்க வழியில்லை. அவள் முகத்தைப் பார்த்தே மறுபடி தொடங்கினான்.