தரையில் கால் பாவாத துணை அதிபர் வேட்பாளர்

1972 ஜூலை பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, டி மாயின் நகரச் சிற்றுண்டிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த எங்கள் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் செனட்டர் கிளைட் வாஸ்பர்க், தரையிலிருந்து நான்கடி எழும்பினார். மக்காச்சோள விலையைப் பற்றிய பகுதியைப் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். குற்றம் எங்களுடையது. அவரைத் தேர்ந்தெடுத்த கட்சி மாநாட்டில் நான்கு மணிக்குள் பெயர் கொடுத்தாக வேண்டியிருந்தது. மூன்றே முக்காலுக்கு அவரைத் தொலைபேசியில் பிடித்து, குடிப்பழக்கம் உண்டா, வேறு பெண் உண்டா, வரி பாக்கி உண்டா என்று கேட்டோம். கால் தரையில் நிற்குமா என்று கேட்க, தேர்வுக் குழுவான எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழு பேரும் வக்கீல்கள்.

அதிபர் வேட்பாளர் மெரில் டால்கிரென், கிளைட்தான் என் துணை, மாற்றமே இல்லை என்று காலையில் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டு, மதியம் எங்களை மாற்று ஆள் தேட அனுப்பினார். ஆறு பேரைக் கேட்டோம். ஒருவர் மனைவியிடம் கேட்க வேண்டும் என்றார். அந்த அம்மாள் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. இன்னொருவர் தானே தொலைபேசியை எடுத்து, தான் வீட்டில் இல்லை என்றார். எங்களில் ஒருவரையே நிறுத்தலாமா என்றுகூட யோசித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் விட்டுவிட்டோம். ஆள் பிறகு கிடைப்பார், முதலில் இவர் விலகட்டும் என்று, விலகல் கடிதத்தோடு டால்கிரெனும் நாங்களும் வாஸ்பர்க் வீட்டுச் சமையலறைக்குப் போனோம். அவர் மனைவி எட்னா இடது கையால் கணவரின் பெல்ட்டைப் பிடித்தபடி வலது கையால் எங்களுக்குக் காபி ஊற்றினாள்.

“நீயே விலகிட்டதா இருக்கட்டும் கிளைட். மரியாதையா முடிஞ்சிடும்” என்றார் டால்கிரென்.

“குடுங்க, கையெழுத்துப் போடறேன்” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“போடாதீங்க” என்றாள் எட்னா. “இருபத்தாறு வருஷமா இந்த பெல்ட்டை நான் ஒருத்தியா பிடிச்சுட்டிருக்கேன் மெரில். சர்ச்சுல, ஓட்டுக் கேக்கப் போன எடத்துல, எங்க கல்யாண போட்டோவுலகூட. போன செவ்வாக்கிழமை எனக்குக் காய்ச்சல், அவ்ளோதான். உங்க ஏழு பேருக்கும் நவம்பர் எலெக்‌ஷன் வரைக்கும் பிடிக்க முடியாதா?”

“ஜனங்க சிரிப்பாங்களேம்மா” என்றார் எங்கள் குழுத் தலைவர்.

“இப்ப மட்டும் உங்களைப் பாத்து அழறாங்களா?”

டால்கிரென் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. நவம்பர்வரை முறைபோட்டுப் பிடித்தோம். முப்பத்தொரு மாநிலங்களில் தோற்றோம். ஆளை மாற்றியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று பேராசிரியர்கள் இன்றும் எழுதுகிறார்கள். மாற்ற ஆளே கிடைக்கவில்லை என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

மறு வருஷம் ஆகஸ்டில், மாநிலப் பொருட்காட்சி நடுவே, எட்னா பெல்ட்டை விட்டாள். கிளைட் ராட்டின உயரத்துக்குப் போய் நின்றார். “செனட்டர், எலுமிச்சை ஜூஸ் வரிசை எவ்ளோ நீளம்னு பாத்துச் சொல்லுங்க!” என்று கீழேயிருந்து ஒருவர் கத்தினார். நாற்பது பேர் என்று பதில் வந்தது. எட்னா வெண்ணெய் வழியும் சோளக்கதிரை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தாள், மேலே பார்க்கவில்லை.